ஐந்தாண்டில் ஓராண்டு

விழாத் தலைமையேற்றிருக்கும் நீச்சல் மன்றத் தலைவர் அவர்களே, பேச்சாளர்கள்மீதும் கடிகாரத்தின்மீதும் ஒருசேரக் கண் வைத்திருக்கும் செயலாளர் அவர்களே, எனக்கு முன்பே இந்தக் குளத்தில் மூழ்கி எழுந்த மூத்தோரே, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடும் தாய்மாரே, தண்ணீரைக் கண்டால் வயதை மறக்கும் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்!

முப்பத்தொரு ஆண்டுகள் செய்தியாளனாக இருந்தவன் நான். ஊரார் செய்த தவறுகளை எழுதியவன், இன்று என் தவற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். என்ன, பின்வரிசையில் "சுருக்கமா" என்கிறீர்களா? கவலை வேண்டாம் ஐயா, கதையே இரண்டு நிமிடம் பன்னிரண்டு நொடிதான்!

மூத்தோர் தேசியப் போட்டிக்குப் போக வேண்டுமானால், குறித்த தகுதி நேரத்துக்குள் நீந்தியாக வேண்டும். அதை ஐந்தைந்து வயதாகப் பிரித்திருக்கிறார்கள். அறுபது முதல் அறுபத்து நான்கு வரை ஒரு பிரிவு, அறுபத்தைந்தில் அடுத்தது. பிரிவு ஏற ஏற நேரம் தளரும். ஊரெல்லாம் வயதைக் குறைத்துச் சொல்ல, "எனக்கு எப்போ அறுபது ஆகும்?" என்று ஏங்கும் மனிதர்களை இங்கேதான் கண்டேன்!

ஆனால், வயது ஏறுமே என்று தவித்த ஒருவரும் இங்கே உண்டு. மூன்றாம் வரிசை ஓரத்தில் முகத்தை மூடிக்கொள்கிறாரே, மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர், நம் சலவை அக்கா, அவர்தான். அவருக்கு அறுபத்து நான்கு. ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் ஒரு தங்கை, தங்கைக்கு அறுபது. இடைவெளி நான்கு ஆண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்! இருவரும் ஒரே பிரிவில் நிற்பது ஐந்தாண்டில் ஓராண்டு மட்டும். போன வாய்ப்பில் அக்கா தகுதி பெற்றார். தங்கைக்குத் தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை. இந்த முறை தங்கை தகுதி பெற்றுவிட்டார். அக்காதான் பாக்கி.

"சேர்ந்து நீந்தணும்னா எந்தக் குளத்துலயும் நீந்தலாமே!" நல்ல கேள்வி அம்மா. நானும் கேட்டேன். அக்கா சொன்னார்: "சும்மா நீந்தினா அவ எனக்கு விட்டுக்கொடுத்துடுவா தம்பி. அம்மா போனதுல இருந்து எல்லாத்துலயும் விட்டுக்கொடுக்கிறா. சின்ன வயசுல என் காலைப் பிடிச்சு இழுத்தாவது ஜெயிப்பா. எனக்கு அந்தத் தங்கச்சி வேணும். தேசியப் போட்டின்னா விடமாட்டா!"

தோற்பதற்காக ஏங்கிய ஒருவரை நீங்கள் கண்டதுண்டா? தோற்றாலும் பரவாயில்லை, பக்கத்துத் தடத்தில் அவள் இருந்தால் போதும் என்று விடியலில் விழித்து, விடாமல் நீந்தி, வேலைக்கு விரைந்த ஒருவரை நீங்கள் கண்டதுண்டா?

கடைசித் தகுதிச் சுற்று. நூறு மீட்டர் தவளை நீச்சல். தேவை, இரண்டு நிமிடம் பன்னிரண்டு நொடி. நம் குளத்தில் கை பட்டதும் நேரத்தைக் குறிக்கும் மின்பலகை இல்லை; ஒரு தடத்துக்கு மூன்று பேர், மூன்று ஸ்டாப்வாட்ச். மூன்றில் நடுவில் நிற்கும் நேரமே கணக்கு. அக்காவின் தடத்தில் ஒரு கடிகாரம் என் கையில்.

வந்தார்! வளைந்து வந்தார், வாரி வந்தார், வாய் திறந்து மூச்சு வாங்கி வந்தார்! என் கடிகாரம் காட்டியது இரண்டு பதினொன்று, எண்பத்து நான்கு. துள்ளிக் குதித்தேன். மற்ற இரண்டும் காட்டியவை இரண்டு பன்னிரண்டு, பத்தொன்பது. இரண்டு பன்னிரண்டு, இருபத்தாறு. நடுவில் நின்றது பத்தொன்பது. ஒரு நொடியை நூறாக நறுக்கினால் அதில் பத்தொன்பது துண்டு! "என்னோடதுதான் சரி, அவங்க ரெண்டு பேரும் லேட்டா அமுக்கிட்டாங்க!" என்று சண்டைக்கு நின்றேன்.

சுவரைப் பிடித்தபடி அக்கா சொன்னார்: "விடுங்க தம்பி. கடைசி மூச்சுக்குத் தலை தூக்கினப்போ உங்க கட்டைவிரலைத்தான் பார்த்தேன். என் கை படுறதுக்கு முன்னாடியே அமுக்கிட்டீங்க."

ஆமாம், அமுக்கினேன். ஆசை அமுக்கியது. இதுதான் என் வாக்குமூலம்.

தோளில் துண்டோடு அக்கா தங்கையை அழைத்தார். "பத்தொன்பதுல போச்சு... நொடி இல்லடி, நூத்துல பத்தொன்பது." பக்கத்தில் நின்ற எனக்கும் போனில் கேட்டது தங்கையின் குரல்: "அழறியா?" "தலையில இருந்து தண்ணி சொட்டுது." "அஞ்சு வருஷம்தானேக்கா! உனக்கு அறுபத்தொம்போது, எனக்கு அறுபத்தஞ்சு. அதுக்குள்ள நீச்சலை விட்டே, அவ்ளோதான்!" "நீ முதல்ல அந்தத் தோளைப் பாரு."

அடுத்த ஆண்டு அக்கா மேல் பிரிவுக்குப் போவார். ஒன்பது நொடி தளரும். நிச்சயம் தகுதி பெறுவார். ஆனால் அந்தப் பிரிவில் தங்கை இருக்கமாட்டாரே!

தலைவர் அவர்களே, பெரியவர்களுக்கான விடியற்காலை நேரத்தை நிறுத்தலாமா என்று சற்றுமுன் செயலாளர் கேட்டார். தகுதி நேரத்தைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை; அக்காவே ஏற்கமாட்டார். கதவைத் திறந்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஐந்தாண்டு விடியல்களுக்கு, ஒரே ஒரு தடம்! ஒரு தங்கை தன் அக்காவிடம் விட்டுக்கொடுக்காமல் நீந்தும் நாள்வரை, ஒரே ஒரு தடம்!

"போதும் தம்பி, உட்காருங்க" என்கிறார் அக்கா. இதோ, உட்கார்ந்துவிடுகிறேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. ஒலிபெருக்கியைப் பிடுங்காத செயலாளருக்குத் தனி நன்றி. ஐந்தாண்டு கழித்து அதே தடத்தருகே நானும் நிற்பேன். அன்று என் கட்டைவிரல் காத்திருக்கும், அக்காவின் இரண்டு கைகளும் சுவரைத் தொடும்வரை. வணக்கம்!