பனி அள்ளுகிறவர்

சுமியே: அதுக்குள்ள செத்துட்டீங்களா?

சகாகி: ஆமா அக்கா. நானே செஞ்ச கேம், எனக்கே ஆட வரமாட்டேங்குது. இருங்க, மெஷின்ல இன்னொரு காசு போடுறேன்.

சுமியே: மெதுவா ஆடுங்க. எங்க ஊரு நீகாதாவுக்கு ரயிலு நாலு மணிக்குத்தான்... என் தம்பி பேரு எப்ப வரும்?

சகாகி: முழுசா ஜெயிச்சாத்தான். கடைசியில செஞ்சவங்க பேரெல்லாம் ஓடும்.

சுமியே: அதைப் போட்டோ எடுக்காம வந்துடாதேன்னுட்டாரு அப்பா. "நாலு வருஷமா டோக்கியோவுல என்னத்தைக் கிழிச்சான் கியோதகா? ஒரு இடத்துலயாவது அவன் பேரு இருக்கா, பார்த்துட்டு வா"ன்னு. அவன் அஸ்தியை வீட்டுல வெச்சு நாப்பது நாளாச்சு. இன்னும் கிட்டக்கூடப் போகல அவரு.

சகாகி: ...சொந்தப் பேரு வராது அக்கா. வேற கம்பெனிக்காரன் ஆளை இழுத்துடுவான்னு முதலாளிக்குப் பயம். எல்லாருக்கும் பட்டப்பேருதான்.

சுமியே: நல்ல முதலாளி! மேசைக்கடியிலேயே தூங்க வெச்சு ஆளைக் கொன்னுட்டு, பேரை மட்டும் பூட்டி வெச்சிருக்காரு.

சகாகி: நானும் அங்கதான் தூங்கினேன் அக்கா, அவன் பக்கத்துலயே.

சுமியே: உங்களைச் சொல்லல. ஐயையோ, பனி சரியுது, பாருங்க!

சகாகி: தப்பிச்சேன்... இந்தப் பனி, இந்தக் குட்டி மனுஷன் எல்லாம் கியோதகா வரைஞ்சது. பதினாறுக்குப் பதினாறு புள்ளி. அதுக்குள்ள ஒரு ஆளைக் கொண்டுவரணும். நடக்க வெச்சது நான்.

சுமியே: ஏன் நிறுத்திட்டீங்க?

சகாகி: ஒண்ணும் பண்ணாம விட்டா என்ன செய்யுறான்னு பாருங்க... இப்போ.

சுமியே: பனி அள்ளுற வாரியை ஊணிக்கிட்டு இடுப்பைப் பிடிக்குது... சகாகி, இது எங்கப்பா. இடது கையால... அப்படியே எங்கப்பா!

சகாகி: அப்பாவா? யாருடா இதுன்னு கேட்டா சிரிப்பான், சொல்லவே மாட்டான்.

சுமியே: எதையும் தொடாதீங்க. ஒரு படம் எடுத்துக்கறேன்... ம், எடுத்துட்டேன்.

சகாகி: இடுப்பைப் பிடிக்கிற இதை எடுத்துடுன்னுதான் முதலாளி சொன்னாரு. சிப்புல இடமே கிடையாது அக்கா. ஒவ்வொரு எழுத்தும் அளந்துதான் வைக்கணும்.

சுமியே: பத்தலேன்னா?

சகாகி: ஏதாவது ஒண்ணு போகணும்.

சுமியே: எது போகணும்னு யாரு முடிவு பண்றது?

சகாகி: ...நான்தான்.

சுமியே: ஓ.

சகாகி: கடைசிக் கட்டம். இப்பப் பேசாதீங்க அக்கா.

சுமியே: நான் எங்க பேசினேன்...

சகாகி: ...ஜெயிச்சாச்சு! வருது, வருது, கேமராவை எடுங்க!

சுமியே: "தூங்குமூஞ்சி"... "பழைய சோறு"... "முள்ளங்கி ஊறுகாய்"... அவ்வளவுதானா? இதுல எது அவன்?

சகாகி: அந்த... முள்ளங்கி ஊறுகாய். அதுதான் கியோதகா.

சுமியே: அவனுக்கு முள்ளங்கி ஊறுகாய் வாசமே ஆகாதே.

சகாகி: அதான்... கிண்டலுக்கு வெச்சது. எடுத்தீங்களா?

சுமியே: அப்ப நீங்க எது?

சகாகி: நானா... இடம் இல்லேன்னு என் பேரை விட்டுட்டேன்.

சுமியே: இந்தப் பட்டியலை அவன் பார்த்தானா?

சகாகி: இல்ல அக்கா. மெஷின் வர்றதுக்குள்ளதான்... ஆனா பேரு வருதுன்னு சந்தோஷமா இருந்தான். கடைசி வரைக்கும்.

சுமியே: சாகறதுக்கு முந்தின நாள் போன் பண்ணினான், சகாகி. "முள்ளங்கி ஊறுகாய்னு ஒருத்தன், தன் பேரை வெச்சுக்கிட்டு என் பேரை எடுத்துட்டான் அக்கா. நான் பார்த்துட்டேன்னு அவன்கிட்ட சொல்லல"ன்னான். அழுதான். அப்புறம், "அப்பாவை மட்டும் எடுக்கல"ன்னான். அப்ப எனக்கு ஒண்ணும் புரியல. அந்த ஊறுகாய் யாருன்னு பார்க்கத்தான் ரயிலேறி வந்தேன்... பேரை நான் படம் எடுக்கல. அப்பா இடுப்பைப் பிடிக்கிறதுதான் கேமராவுல இருக்கு, அதையே அவருக்குக் காட்டிக்கிறேன். முகத்தைத் துடைங்க. மெஷின் பொத்தானெல்லாம் நனையுது.