மெழுகில் தங்காத மணம்

தம்பானூரிலிருந்து கழக்கூட்டம் செல்லும் காலைப் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் உணவகப் பணியாளர் இருவர் அமர்ந்திருந்தனர். இளையவர் கூறியதொன்று, படித்துக்கொண்டிருந்த நூலை என்னை மூடச் செய்தது.

“நான் செஞ்ச மெழுகுவர்த்தி கொஞ்சங்கூட மணக்கல்ல, அண்ணாச்சி. நான்தான் மணக்கேன்.”

மூத்தவர் அவர் தோளருகே முகர்ந்து பார்த்தார்.

“ஆமாடே, எலுமிச்ச வாசம்! பரோட்டா போடுறவனுக்கு எதுக்குடே மெழுகுவர்த்தி?”

“வீட்டுல அவளுக்கு இது மூணாம் மாசம். நான் பக்கத்துல போனாலே எண்ணெ வாடைன்னு ஓக்காளிக்கா. ரெண்டு வாரமா நான் வராந்தாவுலயாக்கும் படுக்கேன். எலுமிச்ச வாசம் மட்டும் அவளுக்குப் பிடிக்கும். அந்த வாசத்துல மெழுகுவர்த்தி ஏத்தி வச்சா பக்கத்துல இருக்கலாமேன்னு போன்ல பாத்துச் செஞ்சேன்.”

“பொறவு?”

“மெழுகு கொதிக்கும்போதே வாசனை எண்ணெய ஊத்திட்டேன். சூடு தணிஞ்ச பொறவுதான் ஊத்தணுமாம். வாசம் பூரா ஆவியாப் போச்சு. குப்பியில மிச்சமிருந்தது எங் கையிலயும் சட்டையிலயும் கொட்டிட்டு.”

“பரோட்டாவுக்கு ஊத்துற மாதிரி ஊத்தியிருப்ப! அவ என்ன சொன்னா?”

இளையவர் நாணத்துடன் சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மோந்து பாத்துட்டு, ‘இது கரண்டு போனா ஏத்துறதுல்லா’ன்னு சிரிச்சா. பொறவு எங் கையப் பிடிச்சு மூக்குக்கிட்ட வச்சுக்கிட்டு, அப்படியே உறங்கிட்டா. நேத்து மத்தியானம், கேட்டியளா.”

“நீ என்னடே செஞ்ச?”

“கை மரத்துப்போச்சு, அண்ணாச்சி. விளக்கு வைக்கிற வரைக்கும் எடுக்கல்ல.”