பதினேழாவது கேள்வி

— பதினாறு சரி. அடுத்தது பதினேழு. கண்ணைத் திற, வீட்டுக்காரி.

— திறந்துதான்டி இருக்கு. அப்படிக் கூப்பிடாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது? கேக்கறவங்க எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு நினைக்கப் போறாங்க.

— வீட்டுலேர்ந்து காலேஜுக்கு வர்றவ எல்லாரும் ஹாஸ்டல்காரிங்களுக்கு வீட்டுக்காரிதான். நீ இங்க குடி வந்து பதினோரு நாள்தானே ஆச்சு? பாஸ் பண்ணு, பேரை மாத்தறேன். கேள்வி: பல்ஸ் பாக்கும்போது கட்டைவிரலை ஏன் வைக்கக் கூடாது?

— இதெல்லாம் ஒரு கேள்வியா?

— இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ரெண்டு தடவை கோட்டை விட்ட. வாயைத் திறந்து பதில் சொல்லு.

— கட்டைவிரல்லயே ஒரு துடிப்பு இருக்கு. அதை வச்சா நோயாளியோடதுக்குப் பதிலா நம்மளோட பல்ஸையே எண்ணிடுவோம். ஆள்காட்டி விரல், நடுவிரல். போதுமா, கிளி?

— முழு மார்க். கிளின்னு கிண்டல் பண்ணினாலும் ஒப்பிச்சாத்தான்டி பாஸு. மணி அடிச்சா உக்காரு, மணி அடிச்சா எந்திரி, ஒருத்தி கேக்க ஒருத்தி சொல்லு. ஹாஸ்டல் படிப்புன்னா அவ்வளவுதான். நீ வீட்டுல எப்படித்தான் படிச்ச?

— அப்பா கட்டில்கிட்ட உக்காந்து சத்தமாப் படிப்பேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவரைப் புரட்டிப் போடணும், இல்லேன்னா முதுகு புண்ணாயிடும். மூக்கு ட்யூப்ல பால் விடணும், துணி மாத்தணும். அதுக்கு நடுவுல ரெண்டு பக்கம் ஓடும். நான் ஒரு வரியை விட்டுட்டா கண்ணைச் சிமிட்டுவாரு.

— பக்கவாதத்துல படுத்திருக்கறவருக்கு நம்ம நர்சிங் பாடம் புரியுமா?

— புரியுமோ என்னவோ. சிமிட்டுவாரு.

— அதான் வார்டுல உன்னை அடிச்சுக்க ஆளில்ல, பேப்பர்ல மட்டும் முட்டை. எனக்குப் பாடமெல்லாம் தண்ணி பட்ட பாடு. ஊசியைக் கையில எடுத்தா நோயாளியே எனக்குத் தைரியம் சொல்றாரு.

— சிரிக்க வைக்காதே. ஆறேமுக்கால் ஆச்சு, பரீட்சை அன்னிக்குக்கூட அம்மா இன்னும் கூப்பிடல.

— கூப்பிடுவாங்க. தனியாவா சமாளிக்கிறாங்க?

— வேற யாரு இருக்கா? நான் கிளம்பின அன்னிக்கு ஒரே மத்தியானத்துல எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தேன். புரட்டறது, ட்யூப், பல்ஸ். இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்பே போச்சுன்னு மேடம் சொல்லிட்டாங்க. அம்மாதான் பெட்டியைக் கட்டி வெளிய தள்ளினாங்க.

— இதோ, போன் அடிக்குது.

— ஸ்பீக்கர்ல போடறேன், நீ புத்தகத்தை மூடாதே. சொல்லும்மா.

— பாப்பா, குளிச்சாச்சா? வெறும் வயித்தோட போகாதே.

— சாப்பிட்டுத்தான் போவேன். அப்பா எப்படி இருக்காரு?

— இன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கறாரு. எப்பப் புரட்டினாலும் முனகுவாரே, விடியக்காலைல புரட்டினேன், ஒரு சத்தம் இல்ல பாரேன். என் கையும் பழகிடுச்சு போல.

— கண்ணைத் திறந்தாரா?

— எதுக்குப் பாப்பா எழுப்பணும்? எத்தனை நாள் கழிச்சுத் தூங்கறாரு பாவம்.

— கை கால் சூடா இருக்கா?

— சில்லுன்னு இருந்துச்சு. ரெண்டு சாக்ஸைப் போட்டு, என் போர்வையையும் சேத்துப் போத்தி விட்டிருக்கேன்.

— அம்மா, மூச்சு எண்ணினியா?

— ரெண்டு போர்வைக்கு மேல எங்க தெரியுது? அதான் நாடி எண்ணினேனே. கடிகாரத்தைப் பாத்து, முழுசா ஒரு நிமிஷம். தொண்ணூத்தாறு.

— தொண்ணூத்தாறு வராதே அவருக்கு.

— நேத்து சொல்ல மறந்துட்டேன், நேத்தும் தொண்ணூறுக்கு மேலதான். நீதான் இவருக்கு நாடி மெலிசு, தேடித்தான் பிடிக்கணும்னு பயமுறுத்திட்டுப் போன. விண்ணு விண்ணுன்னு அடிக்குது பாரேன்.

— ஏய், என்னடி ஆச்சு உனக்கு? அம்மா, நான் இவளோட ரூம்ல இருக்கறவ பேசறேன். இவ ஏன் இப்படி வெளுத்துப் போயிட்டா?

— பரீட்சை பயம்தான் கண்ணு. அவ சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்.

— இரு, கிளி. அம்மா, உனக்கு எப்படி அவ்வளவு சுலபமாக் கிடைச்சுது?

— எங்க சுலபம்? நீ காட்டின மாதிரி ரெண்டு விரலை வச்சு முதல் ரெண்டு நாள் தடவித் தடவிப் பாத்தேன், ஒண்ணும் அகப்படல. உன்கிட்ட சொன்னா படிப்பை விட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு, நீ இங்க இருந்தப்ப எண்ணின பழைய கணக்கையே சொல்லிட்டேன். அப்புறம்தான் கட்டைவிரலை வச்சு அமுக்கிப் பாத்தேன், உடனே பிடிபட்டுச்சு. இப்பக்கூட வச்சுட்டுத்தான் பேசறேன். நல்லா ஓடுது. நீ கவலைப்படாமப் போய் எழுதிட்டு வா, பாப்பா.