அப்பாட பேருக்கு முன்னால

இல்ல ஆதம்பாவா நானா, அச்சடிக்க முன்னம் அந்தச் சொல்ல எடுங்க. அம்மாட பேருக்கு முன்னால அமரர் எண்டு போட்டது சரி. அப்பாட பேருக்கு ஆர் போடச் சொன்ன? என்ட கலியாணக் கார்ட், என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கவேணாமா? ஆளக் காணல்ல எண்டா உடன அமரராக்கிறதோ? நல்லாரிக்கு!

ஓம், சண்டை முடிஞ்ச வருசத்தில இருந்து ஒருத்தரும் காணல்லதான். காணாததெல்லாம் இல்லாததோ? கம்பஸில நான் என்ன வேல செய்றன் தெரியுமா?

சிரிக்காதீங்க, கேளுங்க. மருந்து கண்டுபிடிக்க மூலக்கூறுகளப் படம் எடுக்கிறாங்க. அதில காபன், ஒட்சிசன் எல்லாம் தெரியும், ஐதரசன் மட்டும் தெரியா. அவ்வளவு சின்னன். அதுக்காக இல்லையெண்டு விட்டா, மருந்து எங்க போய் ஒட்டும் எண்டுறதே பிழையாப் போயிரும். அதால நாங்க கம்பியூட்டரில கணக்குப் பாத்து வைக்கிறம். காபனுக்கு நாலு கை. மூணு கை ஆரையோ பிடிச்சிரிக்கு, ஒண்டு வெறுங்கை எண்டா, அந்தக் கையில ஐதரசன் இரிக்கு. எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் சரிவு, எல்லாம் கணக்கு. பக்கத்தில இரிக்கிறதோட முட்டினா, முட்டாத பக்கமாத் திருப்பி வைக்கும்.

ஆசைக்கு வைக்கிறல்ல நானா. நாலு கையும் நிறைஞ்ச இடத்தில இன்னொண்டக் கொண்டுபோய் வெச்சா எங்களப் படிப்பிக்கிற சேர் கிழிச்சிருவார். அம்மாவச் சுனாமியில சீலையப் பாத்து நானேதான் அடையாளம் சொன்னன். அழுது முடிச்சிட்டன். அவக்கு அந்தச் சொல்லுப் போடுங்க. அப்பா அப்பிடியில்ல. வெல்லாவெளியில எங்கட வயல் வட்டைக்கு வேளாண்மை பாக்கப் போனவர். சைக்கிள் மதகடியில நிண்டது. கட்டிக்குடுத்த சோத்தப் பிரிக்கவுமில்ல. ஜீப்பில ஏத்தினதக் கண்ட ஆள் இன்னும் உசிரோட இரிக்கார். ஏத்தினவங்க எங்க இறக்கின எண்டு சொல்லட்டும். மறுகா நான் சொல்றன், பேருக்கு முன்னால என்ன போடுற எண்டு.

ஓம், திரு. சாமித்தம்பி. அவ்வளவுதான். எழுத்தக் கொஞ்சம் பெருசாக்குங்க.

எத்தின கார்ட்டோ? ஒண்டு.

ஒண்டுதான் நானா. மாப்பிள்ளைட தாய்க்கு. மகனுக்கு அரசாங்க வேலையாம். காணாமப் போன ஆள்ர மகள எடுத்தா விசாரணை, அது இதெண்டு வருமாம். அமரர் எண்டு போட்டாத்தான் கலியாணமாம். நேத்து வீட்ட வந்து சொல்லிட்டுப் போறா. இந்தக் கார்ட்டப் பாத்துட்டு வாறெண்டா வரட்டும், மத்ததெல்லாம் மறுகா அடிப்பம்.

வராட்டி என்ன நானா? அப்பாவ என்ட வாயால சாகடிச்சுட்டு நான் போய் மணவறையில இரிக்கிறதோ? எனக்கேலா. அடிங்க.