வேண்டாம்னு போட்ட ஓட்டு

பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா, ஆர்லோ. வாசல்ல நின்னு கத்தினா பனியும் உள்ள வருது, உன் சத்தமும் உள்ள வருது. அந்த வீட்டு வரிச் சீட்டை என் மூஞ்சிக்கு நேரா ஆட்டாத. எனக்கும் அதே தபால்லதான் வந்துச்சு.

ஆமா, ஏறித்தான் இருக்கு. நம்ம நியூ ஹாம்ப்ஷயர்ல சம்பளத்துக்கு வரி இல்ல, கடைச் சாமானுக்கு வரி இல்லன்னு வெளியூர்க்காரன்கிட்ட மார்தட்டிக்கிறோமே, அப்ப பள்ளிக்கூடத்தை எது நடத்துது? உன் கூரைக்கும் என் கூரைக்கும் போடுற வரிதான்.

என்னது, ஏமாத்திட்டேனா? இரு, இரு. மார்ச்சுல ஓட்டுச்சாவடி வாசல்ல, கொட்டுற பனியில, அட்டையைப் பிடிச்சுக்கிட்டு விடிஞ்சதுலேர்ந்து நின்னேன், வாஸ்தவம். அதுல என்ன எழுதியிருந்துச்சு? பள்ளிக்கூட பட்ஜெட்டுக்கு வேண்டாம்னு போடுங்க. அவ்வளவுதான். வரி குறையும்னு ஒரு எழுத்து இருந்துச்சா? பள்ளிக்கூடம் எது கேட்டாலும் இருபது வருஷமா வேண்டாம்னு சொல்ற இந்தப் பினெட் கிழவனே நிக்கிறானே, அப்ப வரி குறையும்னு நீங்களாவே நினைச்சுக்கிட்டு உள்ள போனீங்க.

ஓட்டுச் சீட்டுலயே அச்சடிச்சிருந்துச்சே, ஆர்லோ! இது தோத்தா போன வருஷத்து பட்ஜெட்டே, ஒப்பந்தப்படி ஏறுற செலவையும் சேத்துக்கிட்டுத் தொடரும்னு, தொகையோட. பள்ளிக்கூடக் கமிட்டிக்காரங்க இந்தத் தடவை அதைவிடக் குறைச்சுத்தான் கேட்டாங்க. நீங்க எல்லாரும் சேர்ந்து சின்னதைத் தோக்கடிச்சீங்க, பெருசு நிலைச்சிருச்சு. நான் எட்டாவதோட நின்னவன். ஆனா அச்சுல வந்த எதையும் கடைசி வரி வரைக்கும் படிக்காம கீழ வச்சதில்ல. காலேஜுக்குப் போனவன் நீ, பாதியிலயே பேனாவை எடுத்துட்ட.

ஆமாய்யா, தெரியும். தெரிஞ்சுதான் நின்னேன். முறைக்காத. காபி ஆறுது, குடி.

எதை வெட்டிக் குறைக்கப் பாத்தாங்கன்னு கேளு. காக்ஸ்வெல் டீச்சர் வேலையை. திக்குற பிள்ளைங்களுக்குப் பேசப் பழக்குறாங்களே, அவங்கதான். ஊர் முழுக்க நாலே பிள்ளைங்க, அதுக்கு ஒரு டீச்சரான்னு கேட்டான் கமிட்டியில ஒருத்தன். அந்த டீச்சர் இருக்கட்டும், வரி கூடினா கூடட்டும்னு உன் கதவை வந்து தட்டியிருந்தா, திறந்திருப்பியா? அதான். இப்ப கமிட்டி கையில பணம் இருக்கு, அவங்களை வேலையை விட்டு அனுப்பச் சாக்கு இல்ல. டீச்சர் இருக்காங்க.

யார்கிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்லு. அடுத்து நடக்கப்போற நம்ம ஊர்க் கூட்டத்துல நானே எழுந்து சொல்லப் போறேன். வரி கட்ட என் படகை வித்தாச்சு. இனிமே கரையில நின்னு மீன் பிடிச்சுக்கிறேன்.

எதுக்கு இவ்வளவும்னா கேக்குற? என் பேத்தி டெல்ஃபின், உங்க வீட்டு நாய்க்குட்டியைப் பாக்க வருவாளே, எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவாளே. கூச்சம்னு நினைச்சிருப்பீங்க. கூச்சமெல்லாம் இல்ல. ஒவ்வொரு வார்த்தையும் தொண்டையிலயே மாட்டிக்கும். போன ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேசையில நான் இந்த வரி விவகாரத்தை வழக்கம்போல விடாம பேசிக்கிட்டிருந்தேன். தட்டுலேர்ந்து தலையைத் தூக்கினா டெல்ஃபின். ஒரு எழுத்துகூடத் திக்காம சொன்னா, தாத்தா, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுன்னு.

மூடிக்கிட்டேன், ஆர்லோ.