எலியாப்புக்கு வந்த காய்ச்சல்

கையெழுத்துதானே தாயி, போடலாம். நான் எங்க ஓடிடப் போறேன்? மொதல்ல அந்த ஆப்பிள் சாறைக் குடி. ஏழு மைல் வெயில்ல வந்திருக்கே.

நீ படிச்சது நல்லாவே காதுல விழுந்துச்சு. ஜெர்சி காலாட்படை சார்ஜன்ட் எலியாப், ஆயிரத்தெழுநூத்தி எண்பத்தொண்ணாம் வருஷம் ஜனவரியில முகாம்ல காய்ச்சல் கண்டு எறந்தாரு, கூட இருந்த சிப்பாய் யோவாப் சாட்சி. அதானே? நான் ஜட்ஜு முன்னால சத்தியம் பண்ணிட்டா, தேசத்துக்கு அம்பது வயசு ஆகுறதுக்காக வெக்கிற கல்லுல உங்கப்பா பேரையும் வெட்டுவாங்க. சரி.

படைப் பேரேட்டுல அவர் பேரு ஏன் இல்லேன்னு கேக்குறே. அதுக்குத்தான் வர்றேன், இரு.

உங்கம்மா கெத்சியா நல்லா இருந்து போனாளா? தூக்கத்துலயா? பரவால்ல. புண்ணியவதி.

தேசம் பொறந்த வருஷம் எனக்குப் பதினாறு வயசும்மா. கோர்ட்டு படிக்கட்டுல ஏறி நின்னு ஒருத்தர் சுதந்திரக் காகிதத்தை வாசிச்சாரு. இனிமே நாம ராஜாவோட குடிங்க இல்ல, நம்ம நாட்டை நாமளே ஆளப் போறோம்னு. சனம் ஓன்னு கத்துச்சு. எங்கப்பா மட்டும் தொப்பியைப் போடுறதா கழட்டுறதான்னு தெரியாம கையிலயே வெச்சுக்கிட்டு நின்னாரு. மறு வருஷமே நான் படையில சேந்துட்டேன். மூணு வருஷம்னு சொன்னாங்க. எழுதப் படிக்கத் தெரியாது, பெருக்கல் குறி போட்டேன்.

உங்கப்பாதான் எங்க சார்ஜன்ட். அதிகம் பேச மாட்டாரு. யாராவது அழுதா பக்கத்துல போய் உக்காந்துக்குவாரு, அவ்வளவுதான்.

ராஜாவோட படைகூட எங்களை அவ்வளவு அடிக்கல தாயி. பசிதான் அடிச்சுது. பதிமூணு மாகாணம் சேந்து ஒரு படை. பதிமூணு மாமியா சேந்து ஒரே அடுப்புல சமைச்சா எப்படி இருக்கும்? வர்ஜீனியாக்காரன் மாவு அனுப்புவான்னு நம்ம ஜெர்சிக்காரன் இருப்பான், இவன் அனுப்புவான்னு அவன் இருப்பான். பனியில கால்ல கந்தலைச் சுத்திக்கிட்டு நின்னோம். ஒரு வாரம் பூரா தோலை வேக வெச்சுத் தின்னோம். எந்தத் தோலா? அதை விடு.

அப்படியே மூணு வருஷமும் முடிஞ்சுது. வீட்டுக்குப் போறோம்னோம். அதிகாரி காகிதத்தை எடுத்துக் காட்டுறான். மூணு வருஷம், இல்லேன்னா சண்டை முடியுற வரைக்கும்னு எழுதியிருக்காம். குறி போட்டவனுக்கு அது எப்படித் தெரியும்?

பக்கத்து மாகாணத்துப் படைக்காரன் ஏற்கெனவே கலகம் பண்ணி முகாமை விட்டு நடந்துட்டான். கேட்டது கெடச்சுது. அதைக் கேட்டதும் எங்களுக்கும் ரத்தம் சூடேறிப் போச்சு. ஒரு நாள் காலையில ஒருத்தன் குடிசையை விட்டு வெளிய வந்து, நாம மனுசங்களா மாடான்னு கத்துனான். அப்புறம் எல்லாரும் துப்பாக்கியைத் தூக்கிட்டாங்க.

உங்கப்பா கத்தலம்மா. அதை நீ தெரிஞ்சுக்கணும். எங்களை அடக்கத்தான் அவர் முன்னால வந்தாரு. எவன் வீட்டுலயும் புகாதீங்கடா, கோழியைத் தொடாதீங்கடா, கேக்குறதை எழுத்துல கேப்போம்னாரு. எழுதத் தெரிஞ்சவரும் அவர்தான். கீழ மொதக் கையெழுத்தும் அவரோடதுதான்.

ரெண்டு நாள் நடந்தோம். மன்னிப்பு உண்டு, திரும்பி வாங்கன்னாங்க. வந்துட்டோம். எல்லாம் முடிஞ்சுதுன்னு படுத்துட்டோம்.

விடிஞ்சு பாத்தா சுத்திலும் பீரங்கி. எதிரி இல்ல, நம்ம படை ஆளுங்கதான், வடக்கத்தி மாகாணத்தான். துப்பாக்கி இல்லாம வெளிய வந்து வரிசையில நில்லுங்கன்னான். உத்தரவு போட்ட பெரிய தளபதி நல்லவர்னு சொல்லுவாங்க, நான் மறுக்கல. படையே கலைஞ்சுட்டா நாடுன்னு ஒண்ணு பொறக்காதுன்னு அவருக்குப் பயம். அந்தப் பயமும் நெசம்தான். நாங்க பசியில இருந்ததும் நெசம்தான். எது பெருசுன்னு நாப்பத்தஞ்சு வருஷமா யோசிக்கிறேன், எனக்கு வெளங்கல.

அழாதே தாயி. இன்னும் முடியல.

நாங்க கேட்டு எழுதின காகிதத்தைப் பாத்தாங்க. மொதப் பேரைக் கூப்பிட்டாங்க.

ஆமா. அந்தக் காய்ச்சல்தான். சேதி சொல்ல ரெண்டு நாள் லீவு வாங்கிக்கிட்டு உங்கம்மா வாசல்ல நான் வந்து நின்னப்போ, அவ கையில எட்டு மாசக் கொழந்தையா நீ இருந்தே. என்ன ஆச்சுடான்னு கேட்டா. வாயில மொதல்ல வந்தது காய்ச்சல். அப்புறம் அதை எப்படி மாத்துறது?

கத்துனவன் யாருன்னு கேக்க மாட்டியா? கேக்க மாட்டே, உங்கப்பா மாதிரியே இருக்கே. கத்துனவன் நான்தாம்மா. அவருக்கும் தெரியும். அதிகாரி கேட்டப்போ, எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்புன்னு மட்டும் சொன்னாரு.

உன் காகிதத்துல காய்ச்சலை அடிச்சுட்டு உள்ளதை எழுது. நாளைக்கு வண்டி பூட்டச் சொல்றேன், ஜட்ஜுகிட்ட நானே வந்து சத்தியம் பண்றேன். கல்லுல வெட்டுவாங்களோ மாட்டாங்களோ, அது அவங்க பாடு.

வேற யாராவது சாட்சி இருக்காங்களான்னா... பன்னெண்டு பேர் இருந்தோம். இப்ப நான் மட்டும்தான். கலகம் பண்ணினவங்கள்லயே பன்னெண்டு பேரைப் பொறுக்கி எடுத்து, நிரப்பின துப்பாக்கியைக் கையில குடுத்தாங்க. பத்தடி தூரம். எல்லாரும் அழுதோம், எனக்குக் கண்ணே தெரியல. உங்கப்பா பனியில முட்டி போட்டுக்கிட்டு, யோவாப்பு, இன்னும் ரெண்டு அடி கிட்ட வாடா, தப்பிடுச்சுன்னா ரெண்டாவது தடவை தாங்க முடியாதுன்னாரு. போனேன்.

ஆறு வருஷம் துப்பாக்கி தூக்கியிருக்கேன் தாயி. புகைக்குள்ள சுட்டது யார் மேல பட்டுச்சுன்னு எவனுக்குத் தெரியும்? என் குண்டுல செத்தாருன்னு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரே ஆளு உங்கப்பாதான்.