ஆறாம் தூணும் முழு எண் அக்காவும்

விண்ணில் விரையும் கோள்களை மண்ணில் ஊன்றிய முளைகளோடு முடிச்சிட்ட மதிநலம் மிக்கவரே! கணக்கீட்டுப் பிரிவின் கண்ணே! முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல் எம்மைக் கட்டி மேய்த்த பொறுமையின் பெருமலையே! 'முழு எண் அக்கா' என்று முதுகுக்குப் பின்னால் நாங்கள் அழைப்பதை அறிந்தும் அறியாதவர்போல் இருந்த அன்பின் வடிவமே! பணி ஓய்வு பெறும் தங்களுக்கு வணக்கம். 'முகம் சுளிக்காமல்' என்றதும் பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சரி, சுளித்தீர்கள், நியாயமாகவே சுளித்தீர்கள்.

நிலத்தில் ஓரிடத்தைத் துல்லியமாகக் குறிக்க, செயற்கைக்கோளிலிருந்து வந்து சேரும் அலையின் கடைசித் துண்டைக் கருவி மயிரிழை பிசகாமல் அளந்துவிடும். அதற்கு முன் எத்தனை முழு அலைகள் என்பதை மட்டும் சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பதே நம் பிழைப்பு. விடை முழு எண்ணாகத்தான் இருந்தாக வேண்டும். எண் பிசகினால் இடம் சாண் கணக்கில் பிசகும். இதை வாயிற்காவலர் முதல் தணிக்கைக்கு வந்தவர் வரை, அவரவர் தேநீர் ஆறிப்போகும்வரை விளக்கிய தங்கள் நாவன்மை வாழ்க!

ஆற்றுப் பாலத்தின் ஆறாம் தூணை மறப்போமா! தாங்கள் விடுப்பில் இருந்த வாரம் அது. பாரந்தூக்கியின் இரும்பில் பட்டுத் தெறித்த அலைகளால் கணக்குக் கலங்கியது; கணினி முடிவு தர மறுத்தது. ஒத்துவராத செயற்கைக்கோள்களை ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து நீக்கி, முழு எண் கிடைத்துவிட்டது என்று சொல்லும் 'ஃபிக்ஸ்' என்ற பச்சை எழுத்து திரையில் வரும்வரை ஓயவில்லை நம்மில் ஒருவர். அந்தக் கணக்கு காட்டிய இடத்தில் தூணுக்குத் துளையிடும் எந்திரமும் இறங்கிவிட்டது. திரும்பி வந்து கணக்குத் தாளைப் புரட்டிய தாங்கள், "ஒத்துக்காதவங்களையெல்லாம் வெளிய அனுப்பிட்டு, எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னா எப்படிப்பா?" என்று கேட்டு, அடுத்த நொடியே தொலைபேசியில் வேலையை நிறுத்தினீர்கள். மறுபடி அளந்தபோது தூணின் இடம் ஒன்றரைச் சாண் விலகியிருந்தது.

பாலம் பிழைத்தது. நான்கு நாள் வேலை கெட்டதற்கு யார் பொறுப்பு என்று மேலிடம் கேட்டது. பெயரைச் சொன்னால் அவர் வேலை போய்விடும். "பிழை என்னுடையது, சரிபார்க்கத் தவறினேன்" என்று அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டீர்கள். ஒரு தசமத்தையும் மன்னிக்காத கை எழுதிய ஒரே பொய் அதுதான். வரவேண்டிய தலைமைப் பதவி அவ்வாண்டு வரவில்லை, பிறகும் வரவில்லை. பிழை செய்தவரிடம், "மொதல்ல போய்ச் சாப்பிடு, மூஞ்சி செத்துக் கெடக்கு" என்பதோடு சரி.

அக்கா! மூட்டுவலி அண்டாமல், மூக்குக்கண்ணாடி தொலையாமல், பேரப்பிள்ளைகளின் பிடுங்கலில் பொழுது போதாமல், நூறாண்டு தாண்டியும் நலமாக இருங்கள்! மேலிடத்தாரும் அமர்ந்திருக்கும் இந்த அவையில், சட்டமிட்டு மாட்டப்போகும் இந்த மடலில், அந்த அறிக்கையைத் திருத்துகிறேன். பிழை தங்களுடையது அன்று.

தங்களை அனுப்ப மனமில்லாத
கணக்கீட்டுப் பிரிவுப் பணியாளர்கள்

எழுதி வாசிப்பவன்:
ஆறாம் தூணைத் தவறாகக் கணக்கிட்ட துணை அளவையாளன்